எல்லாமே சூனியம் என்றால் நல்லவராக ஏன் இருக்க வேண்டும்? பௌத்த ஐயவாதமும் அறமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பௌத்த மெய்யியலைப் பற்றி நண்பர்களோடு பேச உட்காரும்போதெல்லாம் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கும். "நீங்கள் சொல்வது சரி, எதற்கும் நிலையான அடித்தளம் இல்லை. அப்படியானால் நல்லது கெட்டது மட்டும் எப்படி மிஞ்சும்?" பல வருடங்களாக இந்தக் கேள்வியோடு இருக்கிறேன். அதைச் சுற்றி அடிக்கடி வரும் மற்ற கேள்விகளையும் சேர்த்து, எனக்குப் புரிந்தவரை இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

பௌத்தம் ஒரு மதம்தானே? அதற்குள் ஐயவாதத்துக்கு என்ன வேலை?

மதம் என்றால் முதலில் நம்பிக்கை, கேள்வியெல்லாம் பிறகு என்று நமக்குப் பழகிப்போயிருக்கிறது. பௌத்த நூல்களில் பல இடங்களில் கேள்விதான் முதலில் வந்து நிற்கிறது. கேசபுத்தம் என்ற ஊரில் வாழ்ந்த காலாமர்கள் புத்தரிடம் ஒரு குறையைச் சொல்கிறார்கள். ஊருக்கு வரும் ஒவ்வொரு துறவியும் தன் கொள்கையை உயர்த்திப் பேசி மற்றவர் கொள்கையைத் தூற்றுகிறார், யாரை நம்புவது என்று தெரியவில்லை என்கிறார்கள். "நீங்கள் சந்தேகப்படுவது பொருத்தம்தான், சந்தேகத்துக்குரிய இடத்தில்தான் சந்தேகம் வந்திருக்கிறது" என்பது புத்தரின் முதல் மறுமொழி. காதில் விழுந்தது, வழிவழியாக வந்தது, நூலில் உள்ளது, தர்க்கத்துக்கு ஒத்துவருகிறது, சொன்னவர் நம் ஆசிரியர் என்று பத்துக் காரணங்களை அடுக்கி, இவற்றை மட்டும் வைத்து எதையும் ஏற்றுக்கொள்ள வேண்டாம் என்கிறார்.

இது ஒரு ஓடை. இன்னொரு ஓடை ஏறத்தாழ கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் நாகார்ஜுனரிடம் தொடங்குகிறது. எந்தப் பொருளுக்கும் பிறவற்றைச் சாராத 'தன்னியல்பு' உண்டென்று யார் சொன்னாலும் அந்தக் கூற்று உள்ளுக்குள்ளேயே முரண்பட்டு உடைந்துவிடும் என்று காட்டுவதே அவர் வேலை. இந்த வழிக்கு மாத்தியமிகம், அதாவது நடுவழி என்று பெயர். பின்னால் ஆரியதேவர், சந்திரகீர்த்தி, சாந்திதேவர் என்று அது நீள்கிறது.

அப்படியானால் 'எதையும் நம்பாதே' என்றுதான் புத்தர் சொன்னாரா?

இல்லை. காலாமர் உரையின் முதல் பாதியை மட்டும் எடுத்துப் பகிர்வதால் வரும் குழப்பம் இது. பத்துக் காரணங்களையும் தள்ளிய கையோடு அவர் ஒன்று கேட்கிறார்: ஒருவர் மனத்தில் பேராசை எழுந்தால் அது அவருக்கு நல்லதா, கெட்டதா? வெறுப்பு எழுந்தால்? மயக்கம் எழுந்தால்? கெட்டது என்று காலாமர்களே சொல்கிறார்கள். ஆசைக்கு ஆட்பட்டவர் கொல்வார், திருடுவார், பொய் சொல்வார் என்று அவர்களும் ஒத்துக்கொள்கிறார்கள்.

இங்கே நடந்ததைக் கவனியுங்கள். உலகம் எப்படித் தோன்றியது, ஆன்மா உண்டா, யார் சொன்ன வேதம் சரி என்ற எந்தக் கேள்வியும் தீராமலே அறம் பற்றிய பேச்சு நகர்ந்துவிட்டது. ஐயம் ஒரு பக்கம் அப்படியே இருக்கிறது. வெறுப்பு சுடும் என்பதை அறிய அந்த ஐயம் தீர வேண்டியிருக்கவில்லை.

சஞ்சயனும் எதையும் உறுதியாகச் சொல்லாதவர்தானே? புத்தருக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்?

சஞ்சய பேலட்டபுத்தர் புத்தரின் காலத்தவர். துறவு வாழ்க்கையால் கண்கூடான பயன் என்ன என்று அரசன் அஜாதசத்ரு அவரிடம் கேட்கிறான். மறுஉலகம் உண்டென்று எனக்குத் தோன்றினால் உண்டென்பேன், அப்படிச் சொல்லவில்லை, இப்படியும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, இல்லாமல் இல்லை என்றும் சொல்லவில்லை என்று அவர் பதில் போகிறது. மாவைக் கேட்டால் பலாவைச் சொல்வது போல இருந்தது என்று அரசன் நொந்துகொள்கிறான்.

இப்படிப் பேசுவோருக்குப் பழைய பௌத்த நூல்களான பாலி நூல்கள் வைத்த பெயரில் விலாங்கு மீன் இருக்கிறது. பிடிக்கப் போனால் வழுக்கிப் போகிறவர்கள் என்று பொருள். மீனுக்கு வாலும் பாம்புக்குத் தலையும் காட்டும் விலாங்கு என்று நம் ஊரில் சொல்வோமே, அதே மீன்தான். இந்த வழுக்கலுக்கு அந்த நூல்கள் தரும் காரணங்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. ஒருவர் பொய்யாகிவிடுமோ என்ற பயத்தால் நழுவுகிறார். ஒருவர் பற்று வந்துவிடுமோ என்ற பயத்தால். ஒருவர் வாதத்தில் மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்தால். கடைசி ஆள் வெறும் மந்தபுத்தியால். முதல் மூன்றிலும் இருப்பது பயம். அதாவது, கேள்வி கேட்டவருக்கு என்ன ஆகும் என்பதைவிடத் தனக்கு என்ன ஆகும் என்ற கவலைதான் அங்கே பேசுகிறது.

புத்தரும் பல கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்தார். ஆனால் எதற்குப் பதில் இல்லை, ஏன் இல்லை என்பதைத் தெளிவாகச் சொன்னார். பின்னால் புத்தரின் தலைமைச் சீடர்களான சாரிபுத்தரும் மொக்கல்லானரும் முதலில் சஞ்சயனின் சீடர்களாக இருந்தவர்கள். ராஜகிருகத் தெருவில் பிச்சைக்கு வந்த அஸ்ஸஜி என்ற பிக்கு, 'காரணத்தால் தோன்றுபவற்றின் காரணத்தையும், அவை ஒழிவதையும் ததாகதர் (புத்தர்) சொன்னார்' என்று நாலு வரி சொன்னதைக் கேட்டுத்தான் சாரிபுத்தர் கிளம்பி வந்தார். உலகத்தைப் பற்றிய கடைசி உண்மை எதையும் அந்த வரிகள் சொல்லவில்லை. துன்பத்துக்குக் காரணம் உண்டு, காரணத்தை நிறுத்தலாம் என்கின்றன. சஞ்சயனிடம் கிடைக்காதது அதுதான்.

பதில் சொல்ல மறுத்த கேள்விகளும் முக்கியமானவைதானே?

மாலுங்கியபுத்தர் என்ற பிக்குவுக்கும் அப்படித்தான் பட்டது. உலகம் நிரந்தரமா, முடிவுள்ளதா, உயிரும் உடலும் ஒன்றா, இறந்தபின் ததாகதர் இருப்பாரா, இவற்றுக்கு விடை சொல்லாவிட்டால் துறவை விட்டுப் போய்விடுவேன் என்று வந்து நிற்கிறார். அப்போது சொல்லப்பட்டதுதான் அம்பு பட்டவன் கதை.

இந்தக் கதையைச் சுருக்கிச் சொல்வதில் ஒரு நட்டம் இருக்கிறது. மூலத்தில் அந்த மனிதன் கேட்கும் கேள்விகள் நீண்டுகொண்டே போகின்றன. விஷ அம்பு உடம்பில் இருக்கிறது. உறவினர்கள் வைத்தியரை அழைத்து வந்துவிட்டார்கள். அவனோ, எய்தவன் எந்த வருணம், பெயர் என்ன, நெட்டையா குட்டையா, கறுப்பா மாநிறமா, எந்த ஊர் என்று தெரியாமல் அம்பைப் பிடுங்க விடமாட்டேன் என்கிறான். நாண் எந்த நாரால் திரித்தது? அம்பின் இறகு கழுகுடையதா, கொக்குடையதா, மயிலுடையதா? அதைக் கட்டிய நரம்பு மாட்டுடையதா, எருமையுடையதா, மானுடையதா, குரங்குடையதா? ஒவ்வொரு கேள்விக்கும் உண்மையில் ஒரு விடை இருக்கும். முட்டாள்தனமான கேள்விகள் என்று சொல்ல முடியாது. ஆனால் விஷம் ஏறிக்கொண்டே இருக்கிறது, வைத்தியர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

அறத்துக்கு முதலில் தத்துவ அடித்தளம் போட்டாக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும்போது நாமும் அந்த நரம்பைப் பற்றித்தான் விசாரித்துக்கொண்டிருக்கிறோம் என்று எனக்குத் தோன்றும்.

நாகார்ஜுனரின் 'சூனியம்' என்றால் ஒன்றுமே இல்லை என்பதுதானே?

இந்தச் சொல் தமிழில் கெட்டுப்போனதற்கு ஒரு காரணம், பில்லி சூனியத்தோடு அது ஒட்டிக்கொண்டது. இன்னொன்று, கணக்கில் வரும் சுழி. நாகார்ஜுனர் சொல்லும் சூனியம் 'தன்னியல்பு அற்றிருத்தல்'. ஒரு பொருள் மற்றவற்றைச் சார்ந்து தோன்றுகிறது, அதனால் அதற்குத் தன்னந்தனியாக நிற்கும் சாரம் இல்லை. அவ்வளவுதான். தன் நூலான மூலமத்தியமக காரிகையின் 24-ஆம் அத்தியாயத்தில் அவரே நேரடியாகச் சொல்கிறார்: சார்ந்து தோன்றுவது எதுவோ அதையே சூனியம் என்கிறோம்.

மணிமேகலை படித்தவர்களுக்கு இந்தச் சார்பு பழக்கமானதுதான். கடைசிக் காதையில் அறவண அடிகள் பேதைமை தொடங்கி வினைப்பயன் வரை பன்னிரண்டையும் ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றுவதாகச் சொல்லிக்கொண்டே போவார். நாகார்ஜுனர் அந்தக் கண்ணியை எடுத்து எல்லாப் பொருளுக்கும், எல்லாக் கருத்துக்கும், தன் சூனியத்துக்குமே பொருத்திப் பார்த்தார்.

எல்லாமே சூனியம் என்றால் கொலையும் கொடையும் ஒன்றுதானே?

நாகார்ஜுனர் காலத்திலேயே எதிராளிகள் வைத்த வாதம் இது. 24-ஆம் அத்தியாயம் தொடங்குவதே அந்த எதிராளியின் குரலில்தான். எல்லாம் சூனியம் என்றால் தோற்றமும் இல்லை, அழிவும் இல்லை. துன்பம் பற்றிப் புத்தர் சொன்ன நாலு உண்மைகளும் இல்லை. புத்தரும் இல்லை, சங்கமும் இல்லை. நல்வினை தீவினை, உலக வழக்கு எல்லாவற்றையும் நீ உடைத்துவிட்டாய் என்கிறார் அவர்.

நாகார்ஜுனர் இதை அப்படியே திருப்பிப் போடுகிறார். உடைப்பது நான் இல்லை, நீங்கள்தான் என்கிறார். எதற்கும் மாறாத தன்னியல்பு உண்டென்றால் துன்பம் எப்படித் தோன்றும், எப்படி ஒழியும்? அறியாதவன் அறிந்தவனாக எப்படி ஆவான்? புத்தத் தன்மை இயல்பாக இல்லாதவன் எவ்வளவு முயன்றாலும் புத்தனாக முடியாதே!

இதை ஒரு முகத்தோடு நினைத்துப் பார்த்தால் எளிது. வெட்டிய விரல்களை மாலையாகக் கோத்துப் போட்டுக்கொண்ட அங்குலிமாலனுக்குக் 'கொலைகாரன்' என்பது தன்னியல்பாக இருந்திருந்தால் அவன் கதை காட்டிலேயே முடிந்திருக்கும். அவன் பிக்குவானான். பிறகு பிச்சைக்குப் போன ஊரில் மக்கள் கல்லெறிந்து மண்டையை உடைத்தார்கள், ரத்தம் வழிய வந்தான் என்கிறது அவனைப் பற்றிய பௌத்த உரை. செய்ததற்கு விளைவு இருந்தது, செய்தவன் மாறவும் முடிந்தது. காரணமும் விளைவும் ஓடுகிற, எதுவும் உறைந்து நிற்காத உலகத்தில்தான் இந்த இரண்டும் சேர்ந்து நடக்கும்.

கொலையும் கொடையும் ஒன்று என்று உண்மையிலேயே சொன்னவர் வேறொருவர். புத்தர் காலத்து ஆசிரியர் பகுத கச்சாயனர். நிலம், நீர், நெருப்பு, காற்று, இன்பம், துன்பம், உயிர் என்ற ஏழும் யாராலும் ஆக்கப்படாதவை, அசையாதவை. கூரிய வாளால் தலையை வெட்டினாலும் யாரும் யாரையும் கொல்லவில்லை, வாள் இந்த ஏழுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் புகுந்து போகிறது, அவ்வளவே என்பது அவர் கொள்கை. பாலி நூல்கள் இதைத் தவறான பார்வைகளின் வரிசையில் வைக்கின்றன. அவர் வழுக்கியது ஐயத்தில் இல்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. அசையாத ஏழு பொருள்கள் இருக்கின்றன என்று அவருக்கு அவ்வளவு உறுதி இருந்தது!

சரி, ஆனால் பௌத்தர்களே இந்த வாளைப் பிடித்திருக்கிறார்களே?

பிடித்திருக்கிறார்கள். இதை மழுப்பக் கூடாது. ஜப்பானில் 17-ஆம் நூற்றாண்டில் ஜென் துறவி தக்குவான், வாள் ஆசான் யாக்யூ முனெனோரிக்கு எழுதியதில், ஓங்கிய வாளும் சூனியம், வீசுபவனும் சூனியம், வெட்டுப்படுபவனும் சூனியம் என்று வருகிறது. 20-ஆம் நூற்றாண்டுப் போர்களில் ஜென் ஆசிரியர்கள் பலர் இதே நடையில் படைவீரர்களுக்குப் போதித்தார்கள். போருக்குப் பிறகு இச்சிகாவா ஹாகுகென் போன்ற ஜென் அறிஞர்கள் உள்ளிருந்தே இதைக் கடுமையாக விமர்சித்தார்கள். மியோஷின்ஜி என்ற ஜென் மரபு 2001-இல் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது.

பகுதரின் வாளுக்கும் இந்த வாளுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. சூனியத்தை உலகத்துக்குப் பின்னால் இருக்கும் இன்னொரு பொருளாக, 'உண்மையான உண்மை'யாக ஆக்கிவிட்டால், முன்னால் நிற்கும் மனிதன் வெறும் நிழலாகிவிடுகிறான். நாகார்ஜுனர் இதை முன்பே பார்த்திருந்தார். தவறாகப் பிடித்த பாம்பைப் போல, தவறாகப் பிடித்த சூனியம் மந்தபுத்திக்காரனை அழிக்கும் என்றார். சூனியத்தையே ஒரு கொள்கையாகப் பிடித்துக்கொண்டவர்கள் குணப்படுத்த முடியாதவர்கள் என்று இன்னொரு இடத்தில் எழுதினார். அவர் எழுதியவற்றில் இவ்வளவு கடுமையான வரிகள் குறைவு.

இருவகை உண்மை என்று அவர் சொன்னதும் இதனால்தான். நாம் பழகும் உலக வழக்கு உண்மை, இறுதி நோக்கில் நிற்கும் முடிந்த உண்மை என்று இரண்டு. வழக்கைச் சார்ந்து நிற்காமல் முடிந்த உண்மையைச் சொல்லவே முடியாது என்கிறார். வலியும் ரத்தமும் பசியும் வழக்கு உண்மையில் முழுக்க உண்மைதான். முடிந்த உண்மையைக் காட்டி அவற்றை ரத்து செய்ய யாருக்கும் அதிகாரம் கிடையாது.

'எனக்கென்று ஒரு நிலைப்பாடும் இல்லை' என்றவர் அடுத்தவருக்கு அறம் சொல்லலாமா?

நாகார்ஜுனரின் விக்கிரகவியாவர்த்தனி என்ற 70 செய்யுள் நூலில் அப்படி ஒரு வரி உண்டு. எனக்கு ஒரு கொள்கை இருந்தால்தான் இந்தக் குற்றம் என் மேல் விழும், எனக்குக் கொள்கையே இல்லை, அதனால் குற்றமும் இல்லை என்பார். நான் முதன்முதலில் படித்தபோது, ஏதோ வக்கீல் தந்திரம் போல இருக்கிறதே என்று நினைத்தேன்.

என் எண்ணத்தை மாற்றியது இரத்தினாவலி. அரசன் ஒருவனுக்கு அவர் எழுதிய நீண்ட மடல் அது. அந்த அரசன் ஒரு சாதவாகனன் என்பது மரபு. சூனியம் பற்றிய கடினமான செய்யுள்களுக்கு நடுவே திடீரென்று சிறைச்சாலை வருகிறது. கைதிகளை விடுவிக்கும்வரை அவர்களுக்கு நாவிதர், குளியல், உணவு, பானம், மருந்து, உடை எல்லாம் கொடு என்கிறார். தகுதியற்ற மகனைத் திருத்துவதற்காகத் தண்டிக்கும் தகப்பனைப் போலத் தண்டி, வெறுப்பாலோ பணத்துக்காகவோ வேண்டாம் என்கிறார். கொலை செய்தவனைக்கூடக் கொல்லாமல், சித்திரவதை செய்யாமல் நாட்டைவிட்டு அனுப்பு என்கிறார். எறும்புப் புற்று வாசலில் தினமும் தீனியும் தண்ணீரும் வைக்க ஆள் போடச் சொல்வதும் இதே மடலில்தான்.

நாவிதரை யோசியுங்கள். 'உயிர்களிடம் கருணை வேண்டும்' என்று யாரும் எழுதலாம். சிறையில் தாடி வளர்ந்து அரிக்கும், தலையில் பேன் பிடிக்கும் என்று நினைத்துப் பார்த்தவர்தான் நாவிதர் என்று எழுதுவார். பொருள்களுக்குத் தன்னியல்பு உண்டு என்ற கொள்கை இல்லாத மனிதர் இவர். குற்றவாளி என்பதும் யாருக்கும் தன்னியல்பு இல்லை என்று அவர் கண்டிருந்ததால்தான் கண்ணுக்கு அந்தத் தாடி பட்டது என்று நான் நினைக்கிறேன்.

மூலமத்தியமக காரிகையின் கடைசிச் செய்யுளும் என்னை நிறுத்தி வைத்த ஒன்று. 27 அத்தியாயங்கள் எல்லாக் கொள்கைகளையும் பிரித்துப் போட்டபின், 'கருணையால் உந்தப்பட்டு, எல்லாப் பார்வைகளையும் கைவிடுவதற்காக அறத்தைப் போதித்த கோதமரை வணங்குகிறேன்' என்று முடிக்கிறார். பார்வைகளைக் கைவிடுவதும் கருணையும் அவருக்கு ஒரே மூச்சில் வருகின்றன.

'நான்' என்று ஒருவர் இல்லாவிட்டால் வினைப்பயன் யாருக்கு?

சமணக் காப்பியமான நீலகேசி பௌத்தர்களை மடக்கும் கேள்விகளில் இதுவும் ஒன்று. கணந்தோறும் எல்லாம் மாறுகிறதென்றால், செய்தவன் ஒருவன், அனுபவிப்பவன் வேறொருவன் ஆகாதா என்பது சமணர் தரப்பு. பௌத்தர் கையில் இதற்குப் பழைய விடை ஒன்று உண்டு. கிரேக்க அரசன் மிலிந்தனிடம் நாகசேனர் சொன்னது. ஒருவன் மாம்பழம் திருடிப் பிடிபடுகிறான். 'இவர் நட்டது வேறு கொட்டை, நான் எடுத்தது வேறு பழம்' என்கிறான். விடுவீர்களா? அந்தக் கொட்டையிலிருந்துதான் இந்தப் பழம் வந்தது என்று சொல்லித் தண்டிப்பீர்கள் அல்லவா? தொடர்ச்சி போதும், மாறாத ஒரே பொருள் வேண்டாம். வாதம் முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாமும் பத்து வயதில் செய்ததற்கு இன்று வெட்கப்படுகிறோமே, அது இந்தத் தொடர்ச்சியை வைத்துத்தான்.

அடுத்தவர் துன்பத்தை நான் ஏன் போக்க வேண்டும்? அதற்குத் தத்துவக் காரணம் உண்டா?

8-ஆம் நூற்றாண்டில் நாளந்தாவில் இருந்த சாந்திதேவர் இதை எடுத்துக்கொள்கிறார். அவர் எழுதிய போதிசரியாவதாரத்தின் 8-ஆம் அத்தியாயம். அடுத்தவர் வலி எனக்கு வலிக்கவில்லை, அதனால் அது என் வேலை இல்லை என்கிறாயா? சரி, காலின் வலி கையுடையது இல்லை, பிறகு ஏன் கை காலைக் காப்பாற்றுகிறது என்று கேட்கிறார்.

செருப்பில்லாமல் நடக்கையில் நெருஞ்சி முள் ஏறினால் என்ன செய்வோம்? கை தானாகக் குனிந்து போகும். ஒரு விரல் பாதத்தை அழுத்தும், இரண்டு விரல் முள்ளின் நுனியைத் தேடும். 'இது என் வலியா' என்று கை கேட்பதில்லை. உடம்பு ஒன்று என்பதால்தானே என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் அந்த 'ஒன்று' என்பதே பல உறுப்புகளுக்கு நாம் வைத்த பெயர் என்கிறார் சாந்திதேவர். வரிசை, படை என்பவை போல. நாளைய 'நானு'க்காக இன்றைக்கு மருந்து சாப்பிடுகிறோம், நாளைய நான் இன்னும் பிறக்கக்கூட இல்லை.

அங்கிருந்து அவர் ஒரு படி போகிறார். துன்பங்களுக்கெல்லாம் சொந்தக்காரர் என்று யாரும் இல்லை. துன்பம் என்பதாலேயே அது போக்கப்பட வேண்டியது. அதில் எல்லை எதற்கு? உடனே எதிர்க்கேள்வியையும் அவரே கேட்டுக்கொள்கிறார்: துன்பத்தை ஏன்தான் போக்க வேண்டும்? விடை ஒரே வரி. அதில் யாருக்கும் தகராறு இல்லை.

பலருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். இவ்வளவு வாதம் செய்துவிட்டு, கடைசியில் 'யாருக்கும் தகராறு இல்லை' என்பதா? பால் வில்லியம்ஸ் என்ற ஆய்வாளர் 1998-இல் எழுதிய நூலில், ஆட்களே இல்லை என்றால் வலி என்ற சொல்லுக்கே பொருள் போய்விடும், சாந்திதேவர் தன் அறத்தின் காலைத் தானே வெட்டிக்கொண்டார் என்று வாதிட்டார். வலுவான வாதம்தான். ஆனால் சாந்திதேவர் ஆட்களை உலக வழக்கிலிருந்து அழிக்கவில்லை என்பது என் எண்ணம். உயிர்களே இல்லையென்றால் கருணை யாருக்கு என்ற கேள்வியை 9-ஆம் அத்தியாயத்தில் அவரே எழுப்பி, செய்ய வேண்டிய வேலைக்காக எந்த உயிரை வழக்கில் ஏற்கிறோமோ அந்த உயிருக்கு என்கிறார்.

அம்மாவோடு ஒரு மருத்துவமனையில் சில இரவுகள் இருந்தேன். பொது வார்டு. எதிர்க் கட்டிலில் ஒரு பாட்டி, கூட யாரும் இல்லை. இரவு இரண்டு மணி இருக்கும், தண்ணீர் தண்ணீர் என்று முனகினார். நான் எழுந்திருப்பதா வேண்டாமா, கொடுக்கலாமா, நர்ஸைக் கேட்க வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டிலுக்குத் துணைக்கு வந்து தரையில் படுத்திருந்த ஒரு பெண் எழுந்தார். போய் நர்ஸிடம் கேட்டுவிட்டு வந்தார், பாட்டியின் தலையை ஒரு கையால் தூக்கி ஸ்பூனால் கொடுத்தார், வாயைத் துடைத்தார், வந்து படுத்துவிட்டார். அவருக்கு அந்தப் பாட்டி யாரென்றே தெரியாது. சாந்திதேவரின் அந்த ஒற்றை வரி எனக்கு அன்றுதான் புரிந்தது.

கிரேக்க ஐயவாதிகளும் இதையேதானே சொன்னார்கள்?

நிறைய ஒற்றுமை உண்டு. எலிஸ் ஊரைச் சேர்ந்த பிர்ரோ, அலெக்சாந்தரின் படையோடு கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்து இங்குள்ள துறவிகளைச் சந்தித்ததாக, மெய்யியலாளர்களின் வாழ்க்கையை எழுதிய பழைய நூலாசிரியர் தியோகெனெஸ் லாயெர்தியோஸ் எழுதுகிறார். பௌத்தத்திலிருந்து எதையாவது எடுத்துப் போனாரா என்று இன்றும் விவாதம் நடக்கிறது. கொள்கையைப் பிடித்துக்கொள்வதால் மனம் அலைகிறது, விட்டால் அமைதி வரும் என்பது இரு பக்கமும் உண்டு.

ஆனால் இரண்டு காட்சிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிர்ரோவோடு போன அனக்சார்கோஸ் ஒரு நாள் சேற்றில் விழுந்துவிடுகிறார். பிர்ரோ உதவாமல் கடந்து போகிறார். மற்றவர்கள் திட்டினார்கள். விழுந்த அனக்சார்கோஸோ, என்ன ஒரு சலனமின்மை என்று புகழ்ந்தாராம். அதே லாயெர்தியோஸ் சொல்லும் கதைதான்.

துறவிகளுக்கான விதிகளைச் சொல்லும் பௌத்த வினய நூலில் வருவது வேறு. ஒரு பிக்குவுக்கு வயிற்றுப்போக்கு. தன் கழிவிலேயே கிடக்கிறார். யாரும் பக்கத்தில் இல்லை. தன்னால் மற்ற பிக்குகளுக்குப் பயனில்லை, அதனால் அவர்கள் கவனிப்பதில்லை என்கிறார். புத்தர் தன் சீடர் ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறார். புத்தர் தண்ணீர் ஊற்ற, ஆனந்தர் கழுவுகிறார். தலைப்பக்கம் புத்தரும் கால்பக்கம் ஆனந்தரும் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறார்கள். அப்புறம் பிக்குகளைக் கூட்டி, உங்களைக் கவனிக்க இங்கே தாயும் இல்லை தந்தையும் இல்லை, ஒருவரை ஒருவர் கவனிக்காவிட்டால் யார் கவனிப்பார்கள், எனக்குப் பணிவிடை செய்ய விரும்புகிறவர் நோயாளிக்குச் செய்யட்டும் என்கிறார்.

கிரேக்கர்களுக்கு நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பின்னால் வந்த மருத்துவர் செக்ஸ்டஸ் எம்பிரிகஸ், ஐயவாதி மனிதநேயத்தால்தான் மற்றவரின் கொள்கைத் திமிரைக் குணப்படுத்த முயல்கிறான் என்று எழுதியிருக்கிறார். ஆனாலும் அங்கே இலக்கு தன் மன அமைதி. பௌத்தத்தில் அமைதி கிடைத்தவரும் தண்ணீர் எடுக்கப் போக வேண்டியிருக்கிறது.

உலக வழக்கை ஏற்றால் சாதியையும் அல்லவா ஏற்க வேண்டும்?

என்னைப் பொறுத்தவரை இந்தப் பக்கத்திலேயே கடினமான கேள்வி இது. 7-ஆம் நூற்றாண்டின் சந்திரகீர்த்தி, வழக்கு உண்மையில் உலகத்தோடு சண்டை போடுவதில்லை, உலகம் ஏற்பதை நானும் ஏற்கிறேன் என்கிறார். உலகம் சாதியை ஏற்கிறது. பெண்ணை அடக்குவதை ஏற்கிறது. அடித்தளமே இல்லையென்றால் இவற்றை எதைக் கொண்டு எதிர்ப்பது? இன்றைய ஆய்வாளர்கள் பலர் சந்திரகீர்த்தியை இந்த இடத்தில்தான் பிடிக்கிறார்கள்.

நான் பார்க்கும் விடை நூல்களுக்குள்ளேயே இருக்கிறது. ஆரியதேவரின் சதுச்சதகம், 400 செய்யுள். ஆரியதேவர் சிங்களத் தீவின் அரசகுமாரர் என்று சந்திரகீர்த்தியே எழுதுகிறார். அதன் 4-ஆம் அத்தியாயம் முழுக்க அரசனின் செருக்கின் மேல் பாய்கிறது. விளைச்சலில் ஆறில் ஒரு பங்கைக் கூலியாக வாங்கும் மக்களின் வேலைக்காரன் நீ, உனக்கென்ன செருக்கு என்று கேட்கிறார். முனிவர்கள் செய்தார்கள் என்பதற்காக எல்லாவற்றையும் செய்ய வேண்டியதில்லை, அவர்களிலும் கீழ், நடு, மேல் உண்டு என்கிறார். அரசகுமாரராக இருந்தவர் வாயிலிருந்து வந்ததாலோ என்னவோ, அவ்வளவு கூர்மை.

அதிகாரம் எப்போதும் தன்னை இயற்கை என்று சொல்லிக்கொள்ளும். 'இவன் பிறப்பாலேயே இப்படி' என்பது தன்னியல்பு வாதமன்றி வேறென்ன? வாசெட்ட உரையில் புத்தர் இதைப் பொறுமையாகப் பிரிக்கிறார். புல், மரம், பூச்சி, பாம்பு, மீன், பறவை இவற்றுக்குப் பிறப்பாலே அடையாளம் வேறு வேறு. மனிதருக்கு முடியிலோ, தலையிலோ, கண்ணிலோ, உதட்டிலோ அப்படி எதுவும் இல்லை. மனிதருக்குள் உள்ள வேறுபாடு பெயரளவில் சொல்லப்படுவது. உழுதால் உழவர், விற்றால் வணிகர். ஐயவாதத்தின் கத்தி இங்கே எதை வெட்டுகிறது என்று பாருங்கள். 1898-இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கிய பண்டிதர் அயோத்திதாசரும், 1956-இல் நாகபுரியில் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் தழுவிய அம்பேத்கரும் இந்தக் கத்தியின் கூர்மையை அறிந்துதான் எடுத்தார்கள்.

உலக வழக்கு என்பது ஒரே குரல் இல்லை. சாதி சரி என்பதும் வழக்கில் உண்டு, பசி எல்லாருக்கும் பசிதான் என்பதும் வழக்கில் உண்டு. சாதி, தனக்கு மேலே ஏதோ ஒரு சான்றைக் காட்டித்தான் நிற்க முடியும். பசிக்கு அந்தச் சான்று வேண்டாம். ஐயம் சான்றுகளைக் கேட்கத் தொடங்கினால் முதலில் ஆடுவது எது? மணிமேகலை வஞ்சி நகரத்தில் எல்லாச் சமயக் கணக்கர்களின் வாதங்களையும் கேட்கிறாள். ஆனால் அறம் எது என்று அந்தக் காப்பியம் சொல்லும்போது அங்கே வருவது உண்டியும் உடையும் உறையுளும்தான்.

இந்த விடை எல்லாவற்றையும் தீர்த்துவிடாது என்பதும் தெரிந்தே எழுதுகிறேன். பௌத்த நாடுகளிலும் கொடிய வழக்கங்கள் நூற்றாண்டுக் கணக்கில் ஓடின. கத்தி இருப்பது வேறு, எடுத்து வெட்டுவது வேறு.

கரை சேர்ந்தபின் ஓடத்தை விட்டுவிடு என்றாரே புத்தர். அப்போது அறத்தையும் விட்டுவிடலாமா?

அந்த உவமை வரும் உரையின் தொடக்கத்தைப் பார்க்க வேண்டும். அரிட்டர் என்ற பிக்கு, தடை என்று சொல்லப்பட்டவை உண்மையில் தடையில்லை என்று பேசத் தொடங்குகிறார். அவரைக் கண்டித்துச் சொன்ன பேச்சில்தான் பாம்பு உவமையும் ஓட உவமையும் வருகின்றன. நல்ல போதனைகளையே தலையில் சுமந்து திரியக் கூடாது என்றால் தீயவற்றை எப்படி வைத்திருப்பாய் என்பது அதன் முடிவு. நடு ஆற்றில் நின்றுகொண்டு ஓடத்தை உதைக்கிறவருக்கு அதில் இடமில்லை.

ஆரியதேவர் இதற்கு ஒரு வரிசையும் கொடுத்திருக்கிறார். முதலில் தீமையை விலக்கு, நடுவில் 'நான்' என்பதை விலக்கு, கடைசியில் எல்லாப் பார்வைகளையும் விலக்கு, இதை அறிந்தவர் அறிவாளி என்கிறார். மூன்றாவதைக் கையில் எடுத்துக்கொண்டு முதலாவதைத் தாண்ட முடியாது.

எனக்கு மறுபிறப்பிலோ வினையிலோ நம்பிக்கை இல்லை. இதில் எனக்கு இடம் உண்டா?

இதைக் கேட்பவர்கள் கொஞ்சம் தயங்கித்தான் கேட்பார்கள், ஏதோ தகுதிக்குறைவு போல. மீண்டும் கேசபுத்தத்துக்கே போவோம். அந்த உரையின் பிற்பகுதி பலர் படிக்காதது. பகையும் வெறுப்பும் இல்லாத மனம் கொண்டவருக்கு நாலு ஆறுதல்கள் உண்டு என்கிறார் புத்தர். மறுஉலகமும் வினைப்பயனும் உண்டென்றால், இறந்தபின் நல்ல இடம் கிடைக்கும். அவை இல்லையென்றால், இங்கேயே இப்போதே பகையில்லாமல், துன்பமில்லாமல் வாழ்கிறேன். தீமை செய்தவருக்குத் தீமை வரும் என்றால், நான் யாருக்கும் தீமை நினைக்கவில்லை, எனக்கு எப்படி வரும்? வராது என்றால், இரண்டு வகையிலும் நான் தூய்மையாகவே இருக்கிறேன்.

காலாமர்கள் மகிழ்ந்து, அந்த நாலையும் தாங்களே திருப்பிச் சொல்லிப் பார்க்கிறார்கள். பிறகு புத்தரைச் சரணடைகிறார்கள். மறுஉலகம் உண்டா இல்லையா என்பதற்கு அந்த உரையில் கடைசிவரை விடை இல்லை.